பிள்ளை மனசில் தங்கிப்போன பயம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றின் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடிப் பேசுவது வழக்கம். முதலில் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். அப்புறம் ஆயாக்கள், ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள், காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்கள், கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர். பிள்ளைகள் மனசில் பட்ட காயத்தைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நான் டாக்டர் இல்லை. மனநல ஆலோசகர் பயிற்சி முடித்து 11 வருடமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இதே தெருக்களில் வளர்ந்தவள்.

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், நாளாக ஆக மறந்துடும்” என்கிறார்கள். மறந்துவிடுமா?

நடந்ததை மறக்கலாம். பயத்தை உடம்பு மறப்பதில்லை.

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் சனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும், வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெயும் அந்தப் பக்கத்தை ஒரு கை பார்த்திருந்தன. அந்த இரவுக்குப் பிறகு ஒரு 6 வயதுப் பையனை அவன் ஆயா எங்களிடம் கூட்டி வந்தார். பகலெல்லாம் ஓடியாடி விளையாடுகிறான், ராத்திரி பாய் விரித்ததும் செருப்பைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கிறான், பக்கத்தில் ஸ்கூல் பை. “எதுக்குடா?” என்றால் “சும்மா” என்பான். பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் வாந்தி. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அவனுக்குப் பாதிகூடச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் செருப்பில்லாமல் ஓடினது அவன் காலுக்கு ஞாபகம் இருக்கிறது.

மன அதிர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? கஷ்டப்பட்டதெல்லாம் அதிர்ச்சியா?

இல்லை. பரீட்சையில் ஃபெயில் ஆவது கஷ்டம். நண்பன் பேசாமல் போவது கஷ்டம். அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, பிள்ளை அதைத் தாண்டி வந்துவிடும். பிள்ளையால் தாங்க முடியாத அளவுக்குப் பயமோ அவமானமோ வந்து, அந்த நேரத்தில் “நான் இருக்கேன்” என்று சொல்ல ஆளே இல்லாமல் போனால் அதுதான் காயமாகத் தங்குகிறது. எங்கள் பக்கம் அது பல உருவத்தில் வரும். வீட்டில் அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்ப்பது. தெருவில் வெட்டுக்குத்தைப் பார்ப்பது. விடியற்காலை போலீஸ் கதவைத் தட்டி அண்ணனை இழுத்துப் போவது. உறவுக்காரர் ஒருவரே தொடக்கூடாத இடத்தில் தொடுவது. குடிசையில் தீப்பிடிப்பது. வீட்டை இடித்து 25, 30 கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ கொண்டுபோய் விடும்போது பள்ளிக்கூடம், நண்பர்கள், ஆயா வீடு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போவது.

ஒரே சம்பவம் இரண்டு பிள்ளைகளை ஒரே மாதிரி பாதிக்காது. அண்ணன் மறந்திருப்பான், தங்கை படுக்கையை நனைப்பாள். “அவன் நல்லாத்தானே இருக்கான், உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டுவிடாதீர்கள்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்த நொடியில் அட்ரினலின், கார்டிசால் என்ற சுரப்புகள் ரத்தத்தில் ஏறும். நெஞ்சு படபடக்கும், கை கால் இறுகும். ஓடு, இல்லை எதிர்த்து நில், இரண்டும் முடியாதென்றால் அப்படியே உறைந்து போ என்று உடம்பு தானே முடிவு செய்யும். இது உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நமக்குத் தெரியும். கூண்டு ஏறினால் படகு கடலுக்குப் போகாது. புயல் கரையைக் கடந்ததும் இறக்கிவிடுவார்கள். தினம் தினம் பயந்த பிள்ளைக்குள் அந்தக் கூண்டை இறக்க ஆள் இல்லை. மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது படிப்பு எப்படி ஏறும், விளையாட்டில் மனசு எப்படிப் போகும்? டீச்சர் கையை ஓங்கி போர்டைத் துடைத்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவனைச் “சோம்பேறி, கவனமே இல்லை” என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள்.

என் பிள்ளைக்கு அப்படி இருக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முன்னால் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளை என்றால் நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், அம்மா முந்தானையை விடாது, பார்த்த சம்பவத்தையே பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்ப விளையாடும். 7, 8 வயசுக்கு மேல் வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் அடம்பிடிக்கும். டாக்டர் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் வலி பொய்யில்லை. பெரிய பிள்ளைகளிடம் கோபம், தூக்கமின்மை, கையைக் கீறிக்கொள்வது, போதை மாத்திரை, “செத்துட்டா நல்லாருக்கும்” என்ற பேச்சு. இந்தக் கடைசிப் பேச்சை விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

சத்தமே போடாத பிள்ளையையும் பாருங்கள். ரொம்பச் சமத்தாக, சொன்னதெல்லாம் செய்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஒரு மூலையில் இருக்கும் பெண் குழந்தையைப் பற்றி யாரும் எங்களிடம் வந்து கேட்டதே இல்லை. நாங்களாகத்தான் தேடிப் போகிறோம். அப்படி ஒருத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸில் பழைய இட்லித் துண்டுகள் இருந்தன, காகிதத்தில் மடித்து. வீட்டில் எப்போது உலை வைப்பார்கள், எப்போது சண்டை வரும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால், அல்லது சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் கெட்டால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அது. உயிருக்கு ஆபத்தான பேச்சோ செய்கையோ இருந்தால் அன்றைக்கே.

சின்ன வயசில் பட்ட கஷ்டங்களை எண்ணும் 10 கேள்விப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு 6 வந்திருக்கிறது. என் கதை அவ்வளவுதானா?

பயப்படாதீர்கள். அந்தப் பட்டியலின் வேர் அமெரிக்காவில். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு கட்டங்களிலும் சேர்த்து 17,000 பேருக்கு மேல் கேட்டார்கள். அடி, திட்டு, பாலியல் கொடுமை, கவனிப்பில்லாமை, வீட்டில் குடி, சிறை, மனநோய் என்று சின்ன வயசில் பட்டதை எண்ணினார்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை வரும் வாய்ப்பு, ஒன்றுமே படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு கூடுதலாக இருந்தது. பெரிய கண்டுபிடிப்புதான். சின்ன வயசு வேதனை 50 வயசில் உடம்பு நோயாகவும் வரும் என்று உலகத்துக்குக் காட்டியது.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்லாது. அதைத் தவறாகப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆண்டாவே பின்னால் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ளவர்கள். சாதி பேர் சொல்லித் திட்டினார்களா, வீட்டை இடித்தார்களா, இடுப்பளவு தண்ணீரில் நின்றாயா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. “உன்னை யார் தூக்கிவிட்டார்கள்?” என்றும் கேட்பதில்லை. உங்கள் 6-க்குப் பக்கத்தில் அந்தப் பெயர்களையும் எழுதுங்கள்.

வடசென்னையில் வளர்ந்தாலே பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்களே?

இந்தப் பேச்சே ஒரு காயம். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் வியாசர்பாடி என்று சொல்லாமல் பெரம்பூர் என்று சொல்கிறார்கள். பிறந்த இடத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசும் பிள்ளை, தன்னிடமே ஏதோ தப்பு என்று நினைக்க எத்தனை நாளாகும்? குப்பைக் கிடங்கைக் கொடுங்கையூரில் வைத்தது பிள்ளைகள் இல்லை. சாம்பலைக் கொசஸ்தலை ஆற்றில் விட்டதும் பிள்ளைகள் இல்லை. காயத்தைப் பற்றிப் பேசும்போது யார் காயப்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினதாக ஆகிவிடும்.

பிள்ளை பயந்துவிட்டான் என்று மசூதி வாசலில் கொண்டுபோய் ஓதிக்கொண்டு வந்தோம். தப்பா?

தப்பே இல்லை. நான் சின்ன வயசில் அப்படித்தான் நின்றேன், மகரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் தலையில் கைவைத்து ஊதுவார்கள். அம்மா இடுப்பில் ஒரு பக்கம் தம்பி, ஒரு கையில் நான். பெரியவர்கள் பத்துப் பேர் என்னைப் பார்த்து நின்று, “சரியாயிடும்மா” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அது ஆறுதல். கோயிலில் வேப்பிலை அடிப்பதும் மாதா கோயிலில் ஜெபிப்பதும் அப்படித்தான்.

எல்லை எங்கே என்றால், அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது. இவை வந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஓதுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

ஏதாவது நடந்த உடனே பிள்ளையைப் பேச வைக்க வேண்டுமா? மனசில் இருப்பதைக் கொட்டினால்தானே ஆறும்?

வற்புறுத்த வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோரக் குப்பங்களுக்கு நல்லெண்ணத்தோடு பலர் வந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் பிள்ளைகள் கையில் கிரேயானைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். ஒரே பிள்ளை நாலு பேருக்கு நாலு தடவை அலையை வரைந்தது. சம்பவம் நடந்த சூட்டில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதில் அவர்கள் சொல்லும் முதலுதவி எளிமையானது: பார், கேள், சேர்த்துவிடு.

பார் என்றால் அடிபட்டிருக்கிறதா, பசிக்கிறதா, அம்மா எங்கே என்று பார்ப்பது. கேள் என்றால் பிள்ளை சொல்ல வந்தால் காது கொடுப்பது, சொல்லாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்காருவது. சேர்த்துவிடு என்றால் வீட்டு ஆளோடு, டாக்டரோடு, பள்ளிக்கூடத்தோடு சேர்ப்பது. முடிந்த அளவு சீக்கிரம் பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள். அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்குத் தூக்கம். டிவியில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள். பொய்யும் சொல்லாதீர்கள். “அப்பா ஊருக்குப் போயிருக்கார்” என்று சொல்லி வளர்த்த பிள்ளை பக்கத்து வீட்டில் உண்மையைக் கேட்டுவிட்டு, இனிமேல் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு படபடவென்று வரும் நேரத்துக்கு ஒரு சின்னக் கைவைத்தியம்: மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லுங்கள், சூடான டீயை ஊதுகிற மாதிரி. அப்புறம் கண்ணில் படும் 5 பொருள், தொட முடிகிற 4, கேட்கிற 3 சத்தம், 2 வாசனை, நாக்கில் ஒரு ருசி என்று சொல்லச் சொல்லுங்கள். மனசு அந்த ராத்திரியிலிருந்து இந்த அறைக்குத் திரும்பும்.

மீள்திறன் என்கிறீர்களே, அது தைரியமா? என் பிள்ளைக்குப் பிறவியிலேயே தைரியம் இல்லை.

மீள்திறன் என்றால் அடிபட்ட பிறகு திரும்ப எழுந்து நிற்கும் திறன். அது பிள்ளைக்குள் மட்டும் இருக்கும் சாமான் இல்லை. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, சண்டை என்று எல்லாப் பக்கமும் இடிபட்ட பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே வளர்ந்து வந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்ன? கைவிடாத ஒரு பெரியவர். அது பெற்றோராகக்கூட இருக்க வேண்டியதில்லை, தாத்தா பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ டீச்சரோ போதும். பதினைந்து பதினாறு வயசில் தடம் மாறின பலரும் முப்பது, நாற்பதில் நல்லபடி திரும்பி வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஜெயிலுக்குப் போய் வந்த மகனைப் பற்றி அழும் அம்மாக்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் வீட்டில் அப்பா வேலை பார்த்த மில் மூடினபோது எனக்கு 9 வயசு. அப்புறம் குடி, அப்புறம் அடி. ராத்திரி சத்தம் ஆரம்பித்ததும் எதிர்வீட்டு ஆயா கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, வெற்றிலை இடித்துக்கொண்டு வாசலில் உட்காருவார். கூப்பிட மாட்டார். நாங்கள் போனால் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார். ஒரு கேள்வி கேட்டதில்லை. உரலில் பாக்கு இடிபடும் அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருகிறது. அந்த ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் படித்த பாடத்தில் இருந்த பாதி விஷயத்தை அவர் வாசலில் உட்கார்ந்தே செய்துவிட்டார்.

சமூகமாகச் சேர்ந்து ஆறுவது என்றால் கூட்டம் போட்டுப் பேசுவதா?

பேச்சு அதில் ஒரு பங்குதான். எங்கள் பேட்டையில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். செத்தவர் பேரைச் சொல்லி, அவர் பண்ணின நல்லது, அடித்த லூட்டி, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாவற்றையும் பாட்டில் வைத்துப் பாடும்போது அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனைவி ஓவென்று அழுவார். தெருவே அழும். தனியாக அழ வேண்டியதைச் சேர்ந்து அழ வைப்பது எத்தனை பெரிய வைத்தியம் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டும் அப்படித்தான். வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்து, கேரம், வடசென்னையின் குத்துச்சண்டை. சாயங்காலம் 5 மணிக்கு மாஸ்டர் அங்கே நிற்பார் என்று பிள்ளைக்குத் தெரியும். மழை பெய்தாலும் நிற்பார். வீட்டில் எதுவும் நிச்சயமில்லாத பிள்ளைக்கு அந்த 5 மணி ஒரு தூண். குத்துச்சண்டையில் மணி அடித்தால் கையை இறக்க வேண்டும், கோபம் எவ்வளவு இருந்தாலும். உடம்புக்குள் ஏறின கூண்டை இறக்கப் பழகும் இடமாக நான் அதைப் பார்க்கிறேன். மாஸ்டர் கெட்ட வார்த்தையில் திட்டி அடிப்பவராக இருந்தால் மட்டும் அங்கே அனுப்பாதீர்கள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பெரிய அண்டாவைக் கிளறப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஊற்றக் கொடுங்கள். வாங்கிக்கொண்டே இருந்த பிள்ளை கொடுக்கிற இடத்தில் நிற்கட்டும். 2015 வெள்ளத்தில் மாடி வீட்டுக்காரர்கள் கீழ் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டதை அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகி, ஒவ்வொரு மழைக்கும் திருப்பிச் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊர் சேர்ந்தால் நல்லது மட்டும் நடக்காது. “ஏரியா மானம் போயிடும், பேசி முடிச்சுக்கலாம்” என்று பிள்ளைக்கு நடந்த கொடுமையை அமுக்குவதும் ஊர் சேர்ந்துதான்.

பாலியல் தொல்லை என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வது?

முதல் வார்த்தை: “நான் உன்னை நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. சொன்னது நல்லது.” முகத்தை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலறினால் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மறைப்பது குற்றம். பேசி முடிக்க அதில் இடமே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் என்றதும் பயம் வரும், புரிகிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர்கள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ராத்திரி பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பேரோ படமோ வெளியே வரக் கூடாது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள்.

நானும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன். நல்லாத்தானே இருக்கேன்?

இதைக் கேட்ட அக்கா அடுத்த வாரம் தனியாக வந்தார். மகன் பாலைக் கொட்டினதற்குக் கரண்டியை ஓங்கியிருக்கிறார். அவன் கையால் முகத்தை மறைத்த விதத்தைப் பார்த்ததும், தான் தன் அப்பா முன்னால் நின்ற மாதிரியே இருந்ததாம். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடித்துவிட்டீர்களா, மன்னிப்புக் கேளுங்கள். “அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு, அடிச்சது தப்பு” என்று பிள்ளையிடம் சொல்வதால் மரியாதை குறையாது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போடலாம் என்று பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் அடிப்பதோ, 2009 கல்வி உரிமைச் சட்டப்படியே தடை.

வீட்டுக்காரர் குடிக்கிறார். பிள்ளையை எப்படிக் காப்பது?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டு அக்காக்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போதே குரல் மாறும். கையில் காசு இறுகும், ஆள் வீட்டிலேயே இருப்பார். அந்த மாதிரி நாட்களுக்கு முன்பே திட்டம் வையுங்கள். சத்தம் வந்தால் பிள்ளை எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள், அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். குடித்துவிட்டுக் கிடக்கும் அப்பாவைக் கூட்டி வரப் பிள்ளையை டாஸ்மாக் வாசலுக்கு அனுப்பாதீர்கள். சண்டைக்கு நடுவில் நிற்க வைக்காதீர்கள். “அப்பா குடிக்கிறது உன்னால இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் நிஜமாகவே தன்னால்தான் என்று நினைக்கிறார்கள். அடி என்று வந்தால் பெண்களுக்கான உதவி எண் 181. குடி நோய்க்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை உண்டு, அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் பேசிப் பாருங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்? கீழ்ப்பாக்கம் போனால் “மெண்டல்” என்று பேர் வராதா?

அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை. ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக் காலையிலேயே போய்விடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமே ஆரம்பிக்கலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. சினிமாவில் பண்ணின கேலியால் அதன் பேரே வசையாகிப்போனது. உள்ளே போய்ப் பாருங்கள், தூக்கம் வராத ஐ.டி. பையன், பரீட்சைப் பயத்தில் வந்த பெண், பிள்ளை பெற்ற பிறகு மனசு சரியில்லாத அம்மா என்று நம்மைப் போன்றவர்கள்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

நேரில் போகத் தயக்கமா, 14416-க்குப் போன் பண்ணுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. தற்கொலை எண்ணம் வந்தால், 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

மாத்திரை கொடுத்தால் பிள்ளை அதற்கே அடிமையாகிவிடுமா?

பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் பேச்சும் விளையாட்டும்தான். அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சையில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்வார்கள். மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதை மருந்து இல்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கியும் கொடுக்காதீர்கள்.

எனக்கு 41 வயசு. இனிமேல் போய் அதையெல்லாம் கிளறி என்ன பண்ணப்போகிறேன்?

கிளற வேண்டியதில்லை. நல்ல ஆலோசகர் முதல் நாளே பழைய கதையைத் தோண்ட மாட்டார். தூக்கம், கோபம், குடும்பம் என்று இன்றைய நாளைச் சரிப்படுத்துவதில்தான் ஆரம்பிப்பார். நான் 33 வயசில் போனேன். மூன்றாவது மாதத்தில்தான் அப்பாவைப் பற்றி வாயைத் திறந்தேன். அப்பாவை மன்னித்தேனா என்று கேட்பார்கள். மன்னிக்கச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுவே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

சரியாக எத்தனை நாளாகும்?

பிள்ளைக்குப் பிள்ளை மாறும். செருப்பை வைத்துப் படுத்தானே, அந்தப் பையனின் ஆயாவிடம் செருப்பைப் பிடுங்க வேண்டாம் என்றுதான் சொன்னோம். அவர் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். தினம் படுக்கும் முன் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போவார். இரண்டு பேரும் மூக்கை நிமிர்த்திக் காற்றை மோந்து பார்ப்பார்கள். “என்னடா வருது?” என்பார் ஆயா. “மீன் வருது” என்பான். “வேற?” “மல்லி.” “அப்போ சரி, வா” என்று தாழ்ப்பாளை அவனையே போடச் சொல்வார். நடுவில் எழும்பூருக்கும் நாலைந்து தடவை கூட்டிப் போனோம். வாந்தி முதலில் நின்றது. அடுத்த கார்த்திகை தீபத்துக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது செருப்பு வெளியே மற்ற செருப்புகளோடு கிடந்தது. பை இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது.